திரும்பி வந்த கட்டுரை

"எத அனுப்பினாலும் போடற பத்திரிகை மாமா அது. அதுவே என்னுத வேணாம்னுட்டாங்க."

துர்காதேவி செல்போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் கணவன் உமாபதி டீ டம்ளரை நீட்டினான்.

தொல்லியல் ஆராய்ச்சிப் பட்டம் வாங்க, பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை ஒன்றாவது வேண்டும். சாந்திபுரம் பக்கத்துக் காட்டில் இரண்டாயிரம் வருடத்துச் சமாதிக் கற்கள் பதினான்கைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். ஆறு மாதம் வெயிலில் அலைந்து அளந்தவை. ஞாயிறுதோறும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் உமாபதிதான். பாவம், கங்காதர நெல்லூரிலிருந்து பிழைக்க வந்து, திருப்பதியில் ஏதோ கம்பெனியில் வாரமெல்லாம் லெட்டர் டைப் அடிப்பவனுக்கு வேறு நாள் ஏது?

நல்ல பத்திரிகை என்றால் பதில் வரவே ஒரு வருடம் ஆகும். இது இணையத்தில் வருவது. பணம் கட்டினால் மூன்றே நாளில் ஏற்றுக்கொள்வார்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். கூடப் படிக்கும் பிரியங்கா, வீட்டு ஆட்டுக்கல்லைக் கற்கால ஆயுதம் என்று எழுதி அனுப்பினாள். 'அற்புதம்' என்று பதில் வந்தது.

"அதுல வந்திருந்தா, நாளைக்கு உன் கல்லையும் ஆட்டுக்கல்லுன்னுதான் சொல்லுவாங்க," என்றான் உமாபதி. "நல்ல எடத்துக்கே அனுப்பு. ஒரு வருஷம் ஆனா ஆவட்டும்."

"ஆட்டுக்கல்லுக்கும் கீழ போயிட்டேனே மாமா."

முதல் வரியோடு நிறுத்தியிருந்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடிதத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தாள். கீழே யாரோ லண்டன் டாக்டரின் பெயர். இவ்வளவு உழைப்பு எங்கள் பத்திரிகையில் வீணாகக் கூடாது, சிறந்த இடத்துக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். ஏழாவது கல்லான அத்தக்கல்லின் படத்தை மட்டும் மறுபடி எடுக்க வேண்டுமாம்.

அழுகை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் நின்று படமெடுத்தாலும் முறைக்கிற அந்தக் கல்லுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வைத்த செல்லப்பேர் அது. யாருடைய அத்தை என்பதில் இன்னும் சண்டை. கட்டுரையில் அந்தப் பேரே கிடையாது.

நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

உமாபதி தலையைச் சொறிந்தான். "தெனம் அம்பது பேருக்கு அற்புதம், அற்புதம்னு டைப் அடிச்சிக்கினு கீறேன். மூணு வருஷத்துல நான் முழுசா படிச்சதும் உன்னுதுதான், திருப்பி அனுப்பினதும் உன்னுதுதான்."