ஆற்றில் மாசு இல்லை

“இன்னிக்கும் சுத்தமாத்தான்மா இருக்கு,” என்று பேராசிரியர் தண்ணீர்க் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

தையல்காரி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆற்றில் சாயம் கலப்பதால்தான் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி என்று நிரூபிக்கவே, பல்கலைக்கழகத்தின் இரண்டு வார மாசு ஆய்வுக் கோடை வகுப்பில் சேர்ந்திருந்தாள். தினமும் வீட்டுக்குப் பின்னாலேயே மொண்டு வந்த தண்ணீர் இப்படிக் காலை வாரிவிட்டதே!

“சார், போன மாசம் செக்கச்செவேல்னு ஓடுச்சு சார்!”

“இருக்கலாம்மா. கருவி இன்னிக்கு வர்ற தண்ணியத்தானே பார்க்கும்? வகுப்பு இன்னியோட முடியுது, ஆய்வுக்கூடம் இனி அடுத்த கோடைக்குத்தான் திறக்கும். அறிக்கை நகராட்சிக்குப் போகணும், எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.”

‘ஆற்றில் மாசு இல்லை’ என்பதன் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் போட்டாள்.

வீட்டு வாசலில் கணவன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் படிக்க வேண்டுமென்று இரண்டு வாரம் லோடுக்கே போகாமல் மகளைப் பார்த்துக்கொண்ட மகராசன்.

“நாளைக்கு லோடு இருக்கு. சாய ஆலையைத் திறக்கறாங்க.”

“திறக்கறாங்களா? எப்போ மூடினாங்க?”

“ரெண்டு வாரமா மூடித்தானே கிடக்கு. கோடையில மிஷினெல்லாம் பழுது பார்ப்பாங்க.”

“எனக்காக லாரியை நிறுத்தினேன்னு சொன்னீங்களே?”

அவன் அசடு வழிந்தான். “அது... சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன்.”

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அட, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே? அடுத்த கோடையிலயும் மூடுவாங்க. நான் புள்ளையப் பார்த்துக்கறேன், நீ தைரியமா வகுப்புக்குப் போ!”