ஐந்தாம் பக்கம்

“நீதானே கிழிச்ச?”

“ஆமா டீச்சர்.”

திவ்யதர்ஷினி தலையைக்கூடக் குனியவில்லை. ஒரு ‘சாரி’ சொல்லியிருந்தால் ராகினி டீச்சர் அப்போதே விட்டிருப்பார். அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்க மாட்டார்.

மேசையில் படக்கதைப் புத்தகம் விரிந்து கிடந்தது. நாலாம் பக்கத்துக்கு அடுத்து ஏழாம் பக்கம். நடுவில் கிழிந்த ஓரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

பல இனப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் கருத்த பெண் ஒருத்தி புதிதாகச் சேர்கிறாள். எல்லாரும் ஒதுக்குகிறார்கள், நிறத்தைச் சொல்லிக் கேலி பண்ணுகிறார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறாள். அதுதான் கதை.

இந்த ரெம்பியா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் பெரிய பள்ளிக்குப் போனால் இதெல்லாம் நடக்கும். இப்போதே பேசிவிட வேண்டும் என்றுதான் டீச்சர் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அதை மூன்று தடவை வாசித்துக் காட்டியிருந்தார். “இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டபோது, “கூடாது டீச்சர்!” என்று வகுப்பே கத்தியது.

கத்திய லட்சணம் இதுதான். காலை ஏழு மணியிலிருந்து நின்றதில் டீச்சருக்குக் கால் விண்ணென்று வலித்தது.

அம்மா பவானேஸ்வரி வந்தாள். செங் வட்டாரத் தொழிற்சாலைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

“மன்னிச்சிக்கோங்க டீச்சர். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அப்படியே படுத்துட்டேன். நீங்க போன் பண்ணதும் எழுந்து ஓடி வர்றேன்.”

“உக்காருங்கம்மா. இதப் பாருங்க.”

அவள் பார்த்தாள். மகள் பக்கம் திரும்பினாள்.

“என்னாடி இது? புக்குல கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவியே? யாராச்சும் கிழிக்கச் சொன்னாங்களா?”

“இல்லம்மா.”

“கிழிச்சது எங்க? குடு, ஒட்டித் தர்றேன்.”

“டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணிட்டேன்.”

ராகினி டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. “கருப்பா இருக்கற பொண்ணோட கதைன்னு பிடிக்கலயா உனக்கு? நீ வெள்ளையா இருக்கற இல்ல?”

“டீச்சர்!” அம்மாவின் முகம் சுருங்கியது. “எங்க வீட்ல அப்படியெல்லாம் பேச மாட்டோம்லா.”

“பின்னே எதுக்குக் கிழிக்கறா? நீங்களே கேளுங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. திவ்யதர்ஷினியே சொன்னாள்.

“அந்தப் பக்கத்துலதான் டீச்சர் ‘கரிச்சட்டி’ன்னு இருக்கு.”

“ஆமா. அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லத்தானே அந்தப் பக்கம்?”

“எங்களுக்கு அந்தப் பேரே தெரியாது டீச்சர். நீங்க படிச்சப்புறம்தான் தெரியும். இப்ப நம்ம கிளாஸ் தேவிஸ்ரீய எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. கேண்டின்ல, வேன்ல. நீங்க வந்தா நிறுத்திடுவாங்க.”

ராகினி டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

தேவிஸ்ரீ மூன்று நாளாக வரவில்லை. வயிற்று வலி என்று வீட்டிலிருந்து சொன்னார்கள். இவரும் வருகைப் பதிவில் அப்படியே குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

புத்தகத்தை மெல்ல மூடினார்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

திவ்யதர்ஷினி ஷூ நுனியால் தரையைத் தேய்த்தாள்.

“சரி, போகட்டும். நீ பண்ணது தப்பில்ல. தேவிஸ்ரீ வீட்டுக்கு நான் இன்னிக்கே போறேன். அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். அவள மொதல்ல அப்படிக் கூப்பிட்டது யாரு?”

திவ்யதர்ஷினி சுவரைப் பார்த்தாள்.

“சொல்லுலா,” என்று அம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். இப்போது அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “நீ நல்லதுதானே பண்ணியிருக்க? பயப்படாம பேரச் சொல்லு. டீச்சர் பாத்துக்குவாங்க.”

அவள் அம்மாவின் கையிலிருந்து விலகி, ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

“நான்தான் டீச்சர். ஒரே ஒரு தடவை, சும்மா விளையாட்டுக்கு. இப்ப நிறுத்துங்கன்னு கெஞ்சினாலும் யாருமே நிறுத்த மாட்டேங்கறாங்க.”