சிவக்காத பட்டை

காய்ச்சல் ஊரடங்கில் காவலர்களின் மன அழுத்தத்தை அளக்க ஆளுக்கொரு கைப்பட்டையை மாட்டிவிட்டார்கள். அது சிவந்தால் உடனே கட்டாய விடுப்பு. ஏட்டு தணிகாசலம் வீட்டு வாசலை மிதித்து மாதக்கணக்காகிறது. பாழாய்ப்போன பட்டையோ மஞ்சளைத் தாண்டவில்லை.

சாவடியில், முகக்கவசமில்லாமல் ஸ்கூட்டரில் வந்தவரை மறித்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“சும்மா, காத்து வாங்க சார்.”

ஏட்டுக்கு ரத்தம் கொதித்தது. பட்டை ஆரஞ்சுக்கு ஏறியது.

“இன்னும் ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுங்க, புண்ணியமாப் போகும். இது செவந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“இது என்ன, உங்கப்பன் வீட்டு ரோடாய்யா?”

ஆஹா! மகள் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைத்த மாத்திரத்தில் ஏட்டுக்கு மனசு குளிர்ந்துபோனது. பட்டை பச்சையானது.

ஸ்கூட்டர்காரர் உச்சுக்கொட்டினார்.

“இருங்க சார். ஹெல்மெட்டையும் கழட்டிட்டு இன்னொரு ரவுண்டு வர்றேன்.”