ஆடும் குரல்

ஒரு புகார் வந்தாலும் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தோடு பர்மிங்காம் இசைத்தட்டுக் கடை ஒன்றில் வாடிக்கையாளன்போல நின்றிருந்தான் நெவில். வாங்குமுன் பாட்டைப் போட்டுக் கேட்கும் கூண்டிலிருந்து மாவிஸ் என்ற பெண்ணும் அவள் தோழியும் வெளியே வந்தார்கள்.

“புதுப் பசங்க ரெக்கார்டு எப்படிங்க?” என்று கேட்டான் நெவில்.

“டிரம்ஸா அது? தகரத்தத் தட்டுறான்,” என்றாள் மாவிஸ்.

“போடி! பாடுறவன் குரல் என்னமா ஆடுது! உருகி உருகி ‘சோல்’ பாட்டுப் பாடுற அமெரிக்கக்காரங்களே தோத்தாங்க. அழுதுட்டேன்,” என்ற தோழி, அந்தத் தட்டையே விலைக்கு வாங்கினாள்.

மாவிஸ் நெவிலை முறைத்தாள். “உனக்கேன்யா இப்படி வேர்க்குது? பாடினது நீயா?”

“ஐயோ, இல்லைங்க!”

ஞாயிற்றுக்கிழமை குடித்த பீரின் போதை இறங்காமலே திங்கட்கிழமை இசைத்தட்டு ஆலைக்கு வேலைக்குப் போய், அந்தப் பாட்டின் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளுக்கு நடுத்துளையை மையம் தப்பிக் கோணலாகக் குத்தியவன் நெவில். தட்டு கோணலாகச் சுற்றினால் எவன் குரலும் ஆடும்.

நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அவர்களுக்குக் கடைக் கதவைத் திறந்துவிட்டான்.