ஒன்பதாவது கதவு

இரும்புக் கதவை இழைக்கச் சொல்லி யாராவது தச்சரைக் கூப்பிடுவார்களா? டிரில் டீச்சர் கூப்பிட்டார்.

பல் பிடுங்க முடிவெட்டுகிறவரிடம் போன கதைதான் என்று தச்சர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரிக்க முடியாது. ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் டீச்சர் கழுத்தில் விசில் தொங்குகிறது.

பதினோரு நாளாக விடாத மழை, அன்று காலைதான் தூறலாகியிருந்தது. மலைச்சரிவில் மேடேறும் அந்தத் தெருவில் இருபது வீடுகள். இந்த ஒரே வாரத்தில் எட்டு வீட்டுக் கதவுகள் சாத்தவும் வராமல் திறக்கவும் வராமல் பிடித்துக்கொண்டன. எட்டையும் அவர்தான் இழைத்துக் கொடுத்தார். மழையில் மரம் ஊதும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அவர் வீட்டுக் கதவும்தான் பிடித்தது. தெருவின் உச்சியில் கடைசி வீடு. ஐந்து நாளாக "சாயங்காலம் பாக்குறேன்" என்று சொல்லியே ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று காலைகூட நிலையில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்துத்தான் சாத்திவிட்டு வந்தார்.

உள்ளே மனைவி தனியாக இருந்தாள். போன மாதம் வழுக்கி விழுந்ததில் தொடைவரை மாவுக்கட்டு. கட்டு காலுக்குத்தான், வாய்க்கு யார் போடுவது?

"ஊர்க் கதவெல்லாம் வெண்ணெய் மாதிரி திறக்குது. நம்ம கதவுக்கு நான் எந்த ஆபீஸ்ல மனு குடுக்கணும்?" என்று ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டாள். அவர் குடையை விரித்துக்கொண்டு நழுவி, டீக்கடையில் இரண்டு மணி நேரம் கடத்திவிட்டுத்தான் டீச்சர் வீட்டுக்கு இறங்கினார்.

டீச்சர் வீடு தெருவின் அடியில். அதற்கும் கீழே, போன வருடம் பெரிய சாலையை அகலப்படுத்துவதற்காக மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டி எடுத்திருந்தார்கள். இனி மர லோடு வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும் என்று அப்போது ரொம்பவும் சந்தோஷப்பட்டவர் தச்சர்தான்.

"எண்ணெய் போட்டாச்சு தம்பி. துருவும் இல்ல. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டீச்சர்.

வந்ததற்குத் தொட்டாவது பார்ப்போம் என்று தச்சர் கதவின் விளிம்பில் விரலை ஓட்டினார். தாழ்ப்பாள் பக்கம், மேல் மூலை. அங்கேதான் இடித்தது.

விரல் அங்கேயே நின்றது.

மற்ற எட்டுக் கதவுகளிலும் அவர் இழைத்தது அதே மூலையைத்தான். மரம் ஊதினால் ஒன்று இங்கே பிடிக்கும், ஒன்று அங்கே பிடிக்கும். எட்டும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் பிடிக்காது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மண்டைக்குள் இருப்பது என்ன செய்துகொண்டிருந்ததோ!

பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து நிலையோடு ஒட்டித் தொங்கவிட்டார். நூல் மேலே நிலையைத் தொட்டது. கீழே இரண்டு விரல் விலகி நின்றது.

இரும்பு நிலை, கான்கிரீட் சுவர். இரண்டும் மழையில் ஊதாது.

"டீச்சர், கதவுல ஒண்ணும் இல்ல. மலை இறங்குது. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

டீச்சர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசில் வாய்க்குப் போய்விட்டது.

தச்சர் மேட்டில் ஓடினார். முகத்தில் பாதிச் சோப்போடு ஒருவர் வந்தார், கையில் கரண்டியோடு ஒரு பெண் வந்தாள். அவர் இழைத்த எட்டுக் கதவுகளும் தொட்டதும் திறந்தன. பக்கத்து மேட்டுத் திடலுக்குப் போகச் சொல்லி, ஓய்வே பெறாதவர் போலக் கத்திக்கொண்டிருந்தார் டீச்சர்.

பிடித்துக்கொண்ட மரக்கதவுகளில் அவர் இழைக்காதது ஒன்றே ஒன்று. அதை இழுத்துச் சாத்தியதும் அவர் கைதான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். பை டீச்சர் வீட்டிலேயே கிடந்தது. கையில் ஒரு உளிகூட இல்லை.

வந்த வேகத்தில் தோளால் இடித்தார்.

கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. அவர் உள்ளே போய் விழுந்தார்.

தரையெல்லாம் மரச்சீவல். நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவருடைய பழைய இழைப்புளி, தலைமுடியில் ஒரு சீவல் சுருள். கைப்பிடியில் துணிக்கொடிக் கயிற்றைக் கட்டி இழுத்துத் திறந்து, நாற்காலிமேல் ஏறி நின்று தானே இழைத்திருக்கிறாள். ஒற்றைக்காலில் நிற்பது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல.

"உங்களை நம்பி இருந்தா விடியுமா?" என்றாள் பெருமையாக. "நீங்க போனதும் ஒரு தடவை இழைச்சேன். ஒரு மணி நேரத்துல மறுபடி பிடிச்சுக்கிச்சு. இப்பத்தான் ரெண்டாவது தடவை முடிச்சேன்."

தச்சர் திரும்பிக் குந்தி, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"கதவைச் சாத்தாம எங்கே தூக்கிட்டுப் போறீங்க? வீடு திறந்து கிடக்கு, நாளைக்கு ஒரு சாமான் காணோம்னா..."

காற்று துளியும் இல்லை. பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, மரம் நிலையைக் கடித்துப் பிடிக்கும் சத்தம். இந்த வாரம் முழுக்க அவர் கேட்ட சத்தம்தான்.

முதுகில் பேச்சு நின்றுவிட்டது.

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு பேச்சைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. தச்சர் திரும்பிப் பார்க்காமல் திடலை நோக்கி ஓடினார்.