பூசணிக்காயின் எடை

அவள் போட்ட கத்தலில் ஆலை ஊழியர் பரஞ்சோதியின் இரண்டு கைகளும் பூசணிக்காய்க்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றன.

"எடுக்காதீங்கண்ணே!"

பூசணிக்காய் எடைமேடையில் இருந்தது. பக்கத்தில் தேங்காய், பொரி, ஒரு சீப்பு வாழைப்பழம். மேடையின் நடுவே படுத்திருந்த யுரேனிய உருளைக்குச் சாமந்தி மாலை. அதன் வயிற்றில் சந்தனம், குங்குமம்.

ஆயுத பூஜை.

ஆலையின் மற்ற இயந்திரங்களுக்குச் செய்ததைத்தான் இந்த எடைமேடைக்கும் செய்திருந்தார். ஆனால் மற்றவை யாரிடமும் கோள் சொல்வதில்லை. இது சொல்லும். உருளையிலிருந்து யாரும் எதையும் களவாடவில்லையே என்று, வெளிநாட்டில் இருக்கும் அணுசக்தி ஆய்வாளர்கள் இது காட்டும் எடையை அங்கிருந்தே ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சற்றுமுன் அழைத்திருந்தார்கள். ஐந்து கிலோ எப்படி ஏறியது?

"புதுசா வந்த மெசினு மேடம். எல்லாத்துக்கும் வச்சிட்டு இதை மட்டும் விட்டா மனசு கேக்குமா?"

கேட்காதுதான்.

வைத்தது தப்பு. எடுத்தால் அதைவிடப் பெரிய தப்பு. ஐந்து கிலோ குறைந்தால் திருட்டு என்பார்கள். ஆலையை மூடச் சொல்வார்கள். உருளைக்குப் பொறுப்பு அவள். முதலில் அவள் வேலைதான் போகும்.

ஆய்வாளர்களின் உத்தரவும் வந்துவிட்டது. நேரில் வருகிறோம். அதுவரை எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

பரஞ்சோதியைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவளே காவல் நின்றாள்.

வெயில் ஏற ஏற மாலை வாடத் தொடங்கியது.

எடை காட்டும் திரையில் எண் துளி இறங்கியது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலோரம் இருந்த பன்னீர்ச்செம்பை எடுத்து மாலைமேல் தெளித்தாள்.

எண் பழைய இடத்துக்கு வந்தது.

மறுபடி இறங்கியது. மறுபடி தெளித்தாள். பாழாய்ப்போன சாமந்திக்கு இன்றைக்கா இவ்வளவு தாகம்? எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், 'இறங்காதே, இறங்காதே' என்று முணுமுணுத்தபடி தெளித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார் மேலாளர் உலகநாதன். நல்ல கனத்த சரீரம். காலையிலிருந்து நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று பார்த்தார். மாலை, பன்னீர், முணுமுணுக்கும் உதடுகள்.

இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று நெகிழ்ந்துபோனார்.

அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றினார். உருளையின் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வதற்காக, பயபக்தியோடு மேடைமேல் ஏறினார்.