டொக்காவின் நாக்கு

தொழுவத்துக் கதவில் கிளிப் போட்டு மாட்டிய ஆய்வுக்கூடத்துக் காகிதம் மலைகளுக்கு நடுவே நுழைந்த ஃபியோர்டுக் கடலிலிருந்து ஏறி வரும் மார்ச் மாதக் காற்றில் படபடக்கிறது. நாற்பத்துமூன்று வெள்ளாடுகளின் ரத்தம் பார்த்தாயிற்று. ஒன்றில்கூட எதிர்ப்பொருள் இல்லை, குடலை அரிக்கும் அந்தக் காசநோய் இனத்துக் கிருமி அண்டிய தடயமே இல்லை. சாய்ந்த வெயில் விழும் வைக்கோலில் டொக்கா என்ற சினையாடு பின்னங்கால்களை அகட்டி முக்குகிறது. ஆடுகளின் சொந்தக்காரர் அஸ்லே பழக்கத்தில் மண்டியிட்டு, துண்டை விரித்து ஏந்துகிறார். நான்கு வருடமாக இந்தத் தொழுவத்தில் ஒரு குட்டியும் தரையைத் தொட்டதில்லை. தாயின் பாலிலும் புழுக்கையிலும் நோய் இருந்ததால், தாய் திரும்பிப் பார்க்குமுன் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்கு ஓடுவார், துடைப்பார், புட்டிப்பால் கொடுப்பார். நோய்ப்பட்ட பழைய ஆடுகள் இப்போது இல்லை; டொக்காவும் மந்தையில் மற்றவையும் அப்படி வளர்ந்தவைதான். "கைய எடு அஸ்லே," என்கிறார் மனைவி குன்வோர். "பேப்பர் வந்தப்புறமும் என்ன பிரசவம் பாக்குறே?" அஸ்லே அசையவில்லை. "இவள எந்தத் தாயும் நக்கினதில்லையே. இவளுக்கு என்ன தெரியும்?" "நீ எழுந்திரு முதல்ல." அவர் எழுகிறார். குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் பொத்தென்று விழுகிறது, ஆவி பறக்கிறது. டொக்கா திரும்பி, மோந்து பார்த்து, ஒரு அடி பின்வாங்குகிறது. அஸ்லே கையிலுள்ள துண்டை முறுக்குகிறார். பிறகு டொக்காவின் நாக்கு நீள்கிறது: மூக்கு, இரண்டு காது, முதுகு, கடைசியாக வயிறு. குன்வோர் சிரிப்பை அடக்குகிறார். "நீ தொடைக்கிற அதே வரிசை." அஸ்லே நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார். "அரைகுறையா இல்ல பாரு," என்கிறார். "காதுக்குப் பின்னாடியும் போகுது."